நாய்க் கழுத்துப் பட்டையில் என்ன இருக்கிறது?



லயத்தில் குடியிருக்கும் நமக்கு நாய் சும்மா அழகுக்கு வளர்க்கும் பிராணி அல்ல. ராத்திரியில் காட்டுப்பன்றி வந்து மரவள்ளியைக் கிளறினால் குரைப்பது அது. வாசற்படியில் பாம்பு கிடந்தால் நமக்கு முன்னால் பார்ப்பதும் அது. விடியற்காலையில் நாம் பெரட்டுக்குப் போன பிறகு, பிள்ளைகளோடு லயத்து வாசலில் உருண்டு புரள்வதும் அதுதான். அப்படிப்பட்ட நாயின் காதுக்குள்ளே உண்ணி கொத்துக் கொத்தாய்த் தொங்குவதைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு பொறுக்கும்?

முன்பெல்லாம் மண்ணெண்ணெய் தடவினார்கள். டிராக்டரிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பூசினார்கள். இப்போது கையில் போன் இருக்கிறது. பத்துப் பதினைந்து வெள்ளிக்கு உண்ணிப்பட்டை என்று படம் போட்டு விற்கிறார்கள். தட்டிவிட்டால் தபாலில் வந்து சேருகிறது. சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் பட்டணத்துக் கடைகளிலும் தொங்குகிறது. "அட, கழுத்துல கட்டுற வாருதானே, அதுல என்ன வந்துடப் போவுது?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தப் பட்டையால் ஏதாவது கெடுதல் வந்தால் அதை யார் கவனிக்கிறார்கள், எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கவனிப்பில் பெரிய பங்கு நம் கையில்தான் இருக்கிறது.

முதலில் அது என்ன பொருள் என்று பார்ப்போம். பிளாஸ்டிக்கோடு பூச்சிமருந்தைக் கலந்து வார்த்ததுதான் உண்ணிப்பட்டை. கட்டிய நாளிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். நாயின் தோலில் இயற்கையாக ஊறும் எண்ணெயோடு கலந்து, கழுத்திலிருந்து வால்வரைக்கும் ரோமத்தில் பரவும். விலை கூடிய பட்டைகள் ஏழெட்டு மாதம்கூட வேலை செய்யும். அத்தனை நாளும் அந்த ரோமத்தைத் தடவும் பிள்ளையின் கையிலும் மருந்து கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். பிள்ளை அந்தக் கையை எங்கே கொண்டு போகும் என்று தாய்மார்களுக்குச் சொல்லத் தேவையில்லை!

எல்லாப் பட்டையிலும் ஒரே மருந்து இருப்பதில்லை. பழைய ரகத்தில் டைகுளோர்வாஸ், டெட்ராகுளோர்வின்பாஸ், புரோபாக்சர் போன்றவற்றைப் போட்டார்கள். மருந்தடிக்கும் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காட்டில் பூச்சிக்கு அடிக்கப்பட்ட பல மருந்துகளைப் போலவே இவையும் வேலை செய்பவை. நரம்பு ஒரு சேதியை அனுப்பிய பிறகு, அந்தச் சேதியை நிறுத்துவதற்கென்று உடம்பில் ஒரு பொருள் உண்டு. கோலினெஸ்டரேஸ் என்று பெயர். இந்த மருந்துகள் அதைக் கட்டிப்போட்டுவிடும். சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் வடியும், கண்ணில் நீர் வழியும், வயிறு போகும், சதை துடிக்கும், கண்மணி சுருங்கிப் புள்ளியாகும், மூச்சு இழுக்கும். உண்ணி இப்படித்தான் சாகிறது. அளவு மிஞ்சினால் நாய்க்கும் இதே கதி, மனிதனுக்கும் இதே கதி.

புது ரகத்தில் புளூமெத்ரின், இமிடாகுளோபிரிட் போன்றவை வருகின்றன. புளூமெத்ரின் நம் வீட்டுக் கொசுவத்தியில் உள்ள மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இவை பழையவற்றைவிடப் பாலூட்டிகளுக்குச் சாதுவானவை என்று எண்ணப்படுகின்றன. அமிட்ராஸ் என்று வேறொன்றும் உண்டு. அந்தப் பட்டையை நாய் கடித்து விழுங்கிவிட்டால் தள்ளாடி, மயங்கி, உடம்பு சில்லிட்டுப் போகும். ஆகவே பட்டை வாங்கும்போது படத்தைப் பார்த்தால் போதாது, மருந்தின் பெயரைப் பார்க்க வேண்டும். பெயரே போடாத பட்டையை நாய்க்குக் கட்டாதீர்கள்.

இந்தப் பட்டைகளைக் கண்காணிப்பது எவ்வளவு சிக்கலான காரியம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அங்கே புரோபாக்சர் பட்டைகள் பல காலம் கடைகளில் விற்றன. பட்டையைக் கட்டிய நாளிலும் அதை அடுத்தும், நாயோடு விளையாடும் சின்னப் பிள்ளைகளின் உடம்பில் சேரும் மருந்து ஆபத்தான அளவுக்குப் போகலாம் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கணக்குப் போட்டது. 2014-இல் கம்பெனிகள் அந்தப் பட்டைகளைக் கைவிடச் சம்மதித்தன. 2015 ஏப்ரலோடு தயாரிப்பும் 2016 ஏப்ரலோடு கம்பெனிகளின் விநியோகமும் நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. பார்த்தீர்களா, அந்தப் பட்டைகளை நிறுத்திய காரணம் பிள்ளைகள்!

அடுத்தது செரெஸ்டோ என்னும் பட்டை. மேலே சொன்ன புளூமெத்ரினும் இமிடாகுளோபிரிட்டும் கலந்தது. பாயர் கம்பெனி கொண்டுவந்தது, 2020-இல் எலாங்கோ கம்பெனி கைக்கு மாறியது. அமெரிக்காவில் 2012-இல் அனுமதி கிடைத்தது. 2021 மார்ச்சில் அந்நாட்டுப் பத்திரிகையில் ஒரு செய்தி வெடித்தது. இந்தப் பட்டையைப் பற்றி அரசாங்கத்துக்கு 75,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்து குவிந்திருக்கின்றன, அவற்றில் ஏறக்குறைய 1,700 புகார்கள் நாய், பூனை செத்துப்போனதைப் பற்றியவை என்றது செய்தி. 2022 ஜூனில் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று விசாரித்தபோது புகார் 98,000-ஐத் தாண்டியிருந்தது, சாவு 2,500 என்று கணக்குச் சொன்னார்கள். கனடா நாடு இதே அமெரிக்கப் புகார்களைப் பார்த்துவிட்டு, 2016-இலேயே அந்தப் பட்டைக்கு அனுமதி மறுத்திருந்த விஷயமும் அப்போது வெளியே வந்தது.

இதைப் படித்தவுடன் "அப்போ அது விஷப்பட்டைதான்" என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படக்கூடாது. கோடிக்கணக்கில் விற்ற பொருள் அது. கோடிக்கணக்கான நாய்களில் பல ஆயிரம் நாய்கள் வேறு வியாதியாலும் சாகும், அப்போது கழுத்தில் பட்டை இருந்திருக்கும். சாவுக்குப் பட்டைதான் காரணம் என்று நிரூபணம் இல்லை என்று கம்பெனி சொன்னது. மறுபக்கம், எல்லாரும் புகார் எழுதுவதில்லை. ஆகவே வந்த புகார் நடந்ததில் ஒரு பகுதியாகத்தான் இருக்கும். இரண்டும் நியாயமான பேச்சுத்தான். எது உண்மை என்று எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் முக்கியமான சங்கதி இருக்கிறது. 2023 ஜூலையில் அமெரிக்க நிறுவனம் தன் முடிவைச் சொன்னது. சாவுப் புகார்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் முக்கிய விவரம் எதுவும் இல்லை! நாய்க்கு என்ன வயது, பட்டை எப்போது கட்டினார்கள், எத்தனை நாள் கழித்து நோவு வந்தது, வேறு வியாதி இருந்ததா, மிருக வைத்தியர் பார்த்தாரா என்கிற விவரம் இல்லாமல் காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை. ஆகவே பட்டையைத் தடை செய்யவுமில்லை, சுத்தம் என்று கைகழுவவுமில்லை. அனுமதியை ஐந்து வருஷத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். லேபிளில் எச்சரிக்கை போடச் சொன்னார்கள். இனிமேல் புகார் வந்தால் கம்பெனி கூடுதல் விவரம் சேகரித்துத் தர வேண்டும் என்றார்கள். பட்டை எதிலாவது மாட்டிக்கொண்டால் தானாக அவிழ வேண்டிய பிடி ஏன் சில சமயம் அவிழாமல் போகிறது என்பதையும் ஆராயச் சொன்னார்கள். 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தின் வேலையைத் தணிக்கை செய்யும் அதிகாரியே, இந்தப் பட்டை பிராணிகளுக்கு அளவுமீறிய ஆபத்தா இல்லையா என்பதை நிறுவனம் இன்னும் தீர்மானிக்கவில்லை என்று குறை சொல்லி அறிக்கை விட்டார். பன்னிரண்டு வருஷம் விற்ற பொருளுக்கு இந்த நிலை! விவரமில்லாத புகார் லட்சம் வந்தாலும் கேஸ் நிற்காது என்பது சங்க வேலை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல.

விவரம் எப்படி உயிர்காக்கும் என்பதற்கு நம் நெகிரி செம்பிலானே சாட்சி. 1998 கடைசியிலும் 1999 தொடக்கத்திலும் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பக்கத்தில் மூளைக்காய்ச்சல் பரவியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆரம்பத்தில் அதைக் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். பிள்ளைகளைவிடப் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்களே அதிகம் விழுந்தார்கள். பன்றிகளும் முன்னாலேயே இருமிக்கொண்டிருந்தன. யார், என்ன வேலை, எந்த மிருகத்தோடு பழக்கம் என்கிற இந்த விவரங்கள்தான் கொசுக் கதை பொருந்தாது என்று காட்டின. 1999 மார்ச்சில் டாக்டர் சுவா காவ் பிங் புதுக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அதற்கு நிப்பா என்றே பெயர் வந்தது. நம் நாட்டில் 265 பேர் நோயில் விழுந்து 105 பேர் மாண்டார்கள். அந்தப் பண்ணைகளின் அருகில் இருந்த நாய்களுக்கும் அந்தக் கிருமி தொற்றியிருந்தது என்பது பிறகு பரிசோதனையில் தெரிந்தது.

சரி, நம் லயத்து நாய்க்கு வருவோம். பட்டை கட்டிய நாய் நோவில் விழுந்தால் பட்டைதான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? தோட்டத்தில் அது சுலபமில்லை. உண்ணியே காய்ச்சல் கொண்டுவரும். பெபீசியா, எர்லிக்கியா என்ற கிருமிகள் உண்ணிக் கடி வழியாக நாயின் ரத்தத்தில் புகுந்து, ஈறு வெளுக்கும், சாப்பாடு வேண்டாமென்று படுத்துவிடும், சில சமயம் மூக்கில் ரத்தம் வடியும், சிறுநீர் தேத்தண்ணி நிறமாகும். செம்பனைக் காட்டில் எலிக்குப் போடும் விஷக்கட்டியைத் தின்றாலும், தின்ற எலியைத் தின்றாலும் ரத்தம் கசியும். அது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். பட்டை மருந்தின் குணம் வேறு. எச்சில் வடிவது, வாந்தி, நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை நரம்பைத் தொட்ட அடையாளங்கள். கழுத்தைச் சுற்றி மட்டும் ரோமம் கொட்டிச் சிவந்து புண்ணானால் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் மிருக வைத்தியரிடம் பாதி வேலையை நீங்களே முடித்த மாதிரி.

பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். பட்டை கட்டிய தேதியை எழுதுங்கள். நாயின் வயது, ஏறக்குறைய எத்தனை கிலோ, பெட்டியில் உள்ள மருந்துப் பெயர், பதிவு எண், தயாரிப்புத் தொகுதி எண், எங்கே வாங்கியது, எத்தனை வெள்ளி, இவற்றையும் எழுதி, பெட்டியையும் உள்ளே உள்ள தாளையும் அந்த நோட்டிலேயே செருகி வையுங்கள். பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் தேடுவதுதான் நம் ஊர் வழக்கம்! முதல் மூன்று நாளும் காலை மாலை நாயைப் பாருங்கள். தின்கிறதா, நடக்கிறதா, சொறிகிறதா என்று ஒரு வரி. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை கழுத்தைத் தடவிப் பார்த்தால் போதும். அந்த வாரத்தில் லயத்துப் பக்கம் மருந்தடித்தார்களா, எலி விஷம் போட்டார்களா என்பதையும் குறியுங்கள். வீட்டில் யாருக்காவது கை அரிப்பு, கண் எரிச்சல், தலைசுற்றல் இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

கட்டும்போது கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மிச்சமாகத் தொங்கும் நுனியை வெட்டிவிடுங்கள், இன்னொரு நாய் கடித்து இழுக்கும். வெட்டிய துண்டைப் பிள்ளைகள் எடுத்து விளையாடக் கொடுக்கக்கூடாது. கட்டிய பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பட்டை கட்டிய நாயோடு பிள்ளைகளைப் படுக்க விடாதீர்கள். சின்னக் குட்டிக்கு எந்த வயதிலிருந்து கட்டலாம் என்று தாளில் போட்டிருக்கும். நாயின் பட்டையைப் பூனைக்குக் கட்டவே கூடாது. பெர்மெத்ரின் என்ற மருந்தை நாய் தாங்கும், பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி கிடையாது, நடுங்கி வலிப்பு வந்து செத்துப்போகும்.

நோவின் அடையாளம் தெரிந்தால் முதலில் பட்டையைக் கழற்றுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போட்டு நாயைக் குளிப்பாட்டித் துடைத்து, நிழலில் வைத்து, பட்டையையும் பெட்டியையும் ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கோ மிருக வைத்தியரிடமோ போங்கள். பால் ஊற்றுவது, எண்ணெய் ஊற்றுவது, உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைப்பது எதுவும் வேண்டாம். நடுங்குகிற நாய்க்கு வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பிள்ளை பட்டையைச் சப்பிவிட்டால் வாயைத் துடைத்து, கையைக் கழுவி, உடனே டிரெஸ்ஸரிடம் காட்டுங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய விஷ மையத்துக்கு 1-800-88-8099 என்ற எண்ணில் போன் போட்டும் கேட்கலாம். எச்சில் வடிதல், மூச்சிரைப்பு, நடுக்கம் இருந்தால் போனுக்குக் காத்திராமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் நாட்டில் பூச்சிமருந்து விற்பதற்கு 1974-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி பதிவான பொருளின் லேபிளில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் எண் இருக்கும். கால்நடை மருந்தாகச் சுகாதார அமைச்சில் பதிவானதாக இருந்தால் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். இரண்டில் ஒன்றும் இல்லாத பட்டையை யார் பரிசோதித்தார்கள்? யாருமில்லை! பேர்போன பட்டைகளுக்குப் போலியும் வந்துவிட்டது. அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் போலிப் பட்டைகளைப் பிடித்திருக்கிறார்கள். 2024-இல் பிரிட்டனில், இணையத்தில் வாங்கிய போலித் தெள்ளுமருந்தால் ஒரு பூனை சாகக்கிடந்தது. அந்த மருந்தில் இருந்தது பிரிமிபாஸ்-மெத்தில், அதாவது மேலே சொன்ன கோலினெஸ்டரேஸைக் கட்டிப்போடும் ரகம். புகார் கொடுக்க நேர்ந்தால் வாங்கிய கடையில் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். கால்நடை அலுவலகத்திலும் விவசாய இலாகாவிலும் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைச் சங்கக் கிளைச் செயலாளரிடம் தாருங்கள். ஒரே மாதிரிப் பட்டையால் மூன்று தோட்டத்தில் நாய் விழுந்தால் அதைச் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

எழுதி வைக்காததன் விலை நமக்குத் தெரியும். பாராகுவாட் அடித்த நம் பெண்கள் நகம் உதிர்ந்து, மூக்கில் ரத்தம் வந்து எத்தனை வருஷம் வாய்ச்சொல்லாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள்! தெனாகானித்தா அமைப்பு தோட்டத்துப் பெண்களின் கஷ்டத்தைப் பதிந்து அறிக்கையாக வெளியிட்டது 2002-இல். அதே வருஷம் தடை அறிவிப்பு வந்தது, பிறகு தளர்ந்தது. கடைசியில் தடை முழுமையாக நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி.

மருந்தடிக்கும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களுக்குக் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை எடுத்தால், வீட்டு நாய்க்கு என்ன மருந்துப் பட்டை கட்டியிருக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பகலில் காட்டில் சுவாசிப்பதும் ராத்திரியில் நாயைத் தடவுவதும் ஒரே உடம்பில்தான் போய்ச் சேருகின்றன. ஆனால் கணக்கு குறைந்து வந்தால் "உங்க வீட்டு நாயாலதான்" என்று நிர்வாகம் தள்ளிவிடவும் விடாதீர்கள். நோட்டில் தேதி இருந்தால் எது முதலில் என்று தெரிந்துவிடும். ஸ்டோரிலிருந்து மருந்தைப் புட்டியில் ஊற்றிக்கொண்டு வந்து நாய் மேலும் மாட்டின் மேலும் பூசுவது இன்னும் சில தோட்டங்களில் நடக்கிறது. காட்டுக்கென்று கலக்கிய மருந்து அது, உடம்புக்கு அல்ல. பானப் புட்டியில் இருந்தால் பிள்ளை குடித்துவிடும்.

இவ்வளவு சொன்னதால் பட்டையே வேண்டாம் என்று அர்த்தமில்லை. உண்ணியை விட்டுவைத்தாலும் நாய் சாகும். பதிவு எண்ணுள்ள பட்டையை முறைப்படி கட்டிக் கவனித்துவந்தால் பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் பட்டையை மட்டும் நம்பினால் உண்ணி ஒழியாது. நம் ஊர் நாய் உண்ணி ரத்தம் குடித்துப் புடைத்ததும் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தீனி இல்லாமல் மாதக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும். நாய் மேல் இருக்கும் உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுத்து, ஸ்பிரிட் உள்ள குப்பியில் போடுங்கள், விரலால் நசுக்காதீர்கள். நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போடுங்கள். சுவர் வெடிப்பைச் சிமெண்டு பூசி அடைக்க வேண்டும். நிர்வாகம் கொடுத்த வீட்டைப் பழுதுபார்த்து வைப்பது 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், அதாவது 446-ஆம் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. எந்த வீட்டில், எந்தச் சுவரில் என்று எழுதி, லயத்தார் எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுங்கள்.